மூன்றாவது பிடிக்காரி

எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். கோயிலில் கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். உண்மையைச் சொல்லப் போனால்தான் வில்லங்கம். மெல்பேர்னில் ஒரு தொழில்முறை மகளிர் ஃபுட்போல் கழகத்துக்கு இளம் வீராங்கனைகளைத் தேடித் தெரிவு செய்கிற குழுவில் இருக்கிறேன். ஆள் பிடிக்கிற வேலை என்று சுருக்கமாகச் சொல்லலாம்தான். ஆனால் இலங்கையில் எங்கள் வடபகுதியிலிருந்து வந்தவர்களிடம் அப்படிச் சொன்னால், போருக்கு ஆள் பிடித்த காலம் நினைவு வந்து முகம் இறுகிவிடும், அதனால் சொல்வதில்லை. நீட்டி விளக்கினாலோ, "அதுக்குச் சம்பளமும் தருவினமோ?" என்று கேட்பார்கள். தருகிறார்கள் என்று சொன்னாலும் நம்புகிறவர்கள் குறைவு.

இங்கே ஃபுட்போல் என்பது நாம் ஊரில் அறிந்த ஃபுட்போல் அல்ல. பந்து முட்டை வடிவம். அதைக் காலால் உயரத் தூக்கி அடிப்பார்கள். தரையில் விழுமுன் ஒருத்தி கையால் பிடித்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும், பிடித்தவள் யாருடைய தொல்லையும் இல்லாமல் நிதானமாக அடிக்கலாம். கோலுக்குக் கிட்ட நின்று அப்படிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால், மற்றவர்கள் எவ்வளவு பாடுபட்டுப் பந்தைக் கொண்டுவந்தாலும் கடைசியில் வாங்குவதற்கு ஆள் இருக்காது. வீட்டில் நான் இவர்களைப் பிடிக்காரிகள் என்று சொல்வேன். என் கணவர் முதலில் சிரித்தார், இப்போது அவரும் அப்படித்தான் சொல்கிறார்.

ஒரே பருவத்தோடு எங்கள் பிடிக்காரிகள் மூவரும் போய்விட்டார்கள். ஒருத்திக்கு முழங்கால் மறுபடியும் பழுதாகிவிட்டது. ஒருத்தி காதலனோடு பேர்த் நகரத்துக்குப் போனாள். மூத்தவள் பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சிரித்த முகத்தோடு விடைபெற்றாள். அந்தப் பருவத்தில் நாங்கள்தான் கடைசி. கடைசியாக வந்த கழகத்துக்கு ஒரு ஆறுதல் உண்டு. டிராஃப்ட் என்று ஒரு நாள் வைப்பார்கள், கழகங்கள் முறை வைத்து இளம் வீராங்கனைகளைத் தெரிவு செய்யும், அதில் கடைசியாக வந்தவர்களுக்குத்தான் முதல் முறை. தோற்றவனைக் கூப்பிட்டு முதலில் நீ எடு என்று சொல்கிற வழக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

கோச்சுக்கு வேறு கழகங்களிலிருந்து பழகிய கைகளை வாங்கவே விருப்பம். கூட்டத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் அடங்காதே. பழையவர்களை வாங்கினால் இரண்டு வருடத்தில் மறுபடியும் இதே மேசையில் இதே கதையைப் பேசுவோம் என்றேன். மூன்று புதியவர்களை டிராஃப்டில் எடுப்போம், மூவரும் மூன்று விதமாக இருக்க வேண்டும் என்றேன். ஒருத்தி கூட்டத்துக்கு மேலே எழும்பிப் பிடிக்கிறவள், ஒருத்தி மற்றவர்கள் தவறவிட்டதைத் தரையில் பொறுக்குகிறவள், ஒருத்தி பந்து எங்கே விழும் என்று முன்பே அறிந்து அந்த வெற்றிடத்துக்கு ஓடுகிறவள். மூவரும் ஒரே இடத்துக்கு ஓடி ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தெரிவுக் குழுத் தலைவர் மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் ஒப்புக்கொண்டால் அப்படித்தான் தட்டுவார். சரியென்றால் நல்ல பெயர் எல்லாருக்கும், பிழையாகிப்போனால் பழி என் தலையில் என்று எனக்கு அப்போதே தெரியும்.

தலைவர் நாட்டுப்புறத்து மனிதர், செம்மறி வளர்த்த குடும்பம். அதிகம் பேச மாட்டார். காரில் வானொலி போட மாட்டார். முதல் இருவரை முடிவு செய்வதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எழும்பிப் பிடிக்க, வடக்கே பழத்தோட்ட ஊரிலிருந்து ஒரு நெட்டை, கூடைப்பந்து விளையாடிப் பழகியவள். தரையில் பொறுக்க, மேற்குப் புறநகரிலிருந்து ஒரு சின்ன உருவம், பூனையைத் துரத்தினால் அதையும் பிடித்துவிடுவாள். வெற்றிடத்துக்கு ஓடுகிற மூன்றாமவளைத்தான் காணவில்லை. அப்படிப்பட்டவர்கள் எப்போதுமே அரிது.

அவளை நான் கண்டது வீடியோவில். தென்கிழக்குப் புறநகர்ப் பெண்கள் ஆடிய ஒரு இளையோர் ஆட்டம். பந்து அடிக்கிறவளின் காலை விட்டுக் கிளம்புகிற கணத்திலேயே ஒருத்தி திரும்பி ஓடத் தொடங்கினாள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து கீழே இறங்கியபோது இவள் அங்கே நின்றாள், அவசரமே இல்லாமல். நான் பின்னோக்கி ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் பெயரைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர், அதுவும் எங்கள் பக்கத்துப் பெயர். நெஞ்சு ஒருமுறை துள்ளியது. உடனே எனக்குள் இருக்கிற பொல்லாத கிழவி விழித்துக்கொண்டாள். சொந்தச் சனத்தை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறாள் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள் என்றாள். அதனால் பெயரையும் முகத்தையும் மறைத்து, ஆட்டத் துண்டுகளை மட்டும் தலைவரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார்.

டிராஃப்டுக்கு முன் எல்லாக் கழகங்களும் கூடிப் பார்க்கிற பரிசோதனை நாள் ஒன்று இருக்கிறது. ஓடச் சொல்வார்கள், எழும்பச் சொல்வார்கள், மருத்துவர்களும் பார்ப்பார்கள். அவள் ஓட்டத்தில் முன்னுக்கு நின்றாள். கிட்டத்திலிருந்து எறிந்த பந்துகளைச் சுத்தமாகப் பிடித்தாள். பிறகு தூரத்திலிருந்து உயரமாக அடித்த பந்துகள் வந்தன. முதல் பந்து விரல்களில் பட்டு விழுந்தது. அடுத்தது தோளில் மோதியது. இன்னொன்றுக்கு அவள் போய்ச் சேரவே இல்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த மற்றக் கழகத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கை போய்விட்டது," என்றார் தலைவர். கோச் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவள் வாயால் ஏசியிருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தால் வேலை செய்வேன். அடுத்த நாள் காலை அந்தப் பரிசோதனையின் வீடியோவையும் பழைய ஆட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். கை போகவில்லை. கை பழைய கைதான். பழைய ஆட்டத்தில் பந்து காலை விட்டவுடன் ஓடியவள், பரிசோதனை நாளில் பந்து பாதி வழி வரும்வரை அசையாமல் நின்றாள். அதற்குப் பிறகு ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. பயந்துவிட்டாளோ, உடம்பில் எங்கேயாவது நோவோ, எனக்குப் பிடிபடவில்லை.

அவள் வீட்டுக்குப் போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தோம். தெரிவு செய்ய நினைக்கிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனோடு இருந்து பேசுவது இந்த விளையாட்டின் வழக்கம். கோச் போகத் தேவையில்லை என்றாள். சொன்ன வீட்டுக்குப் போகாமல் விடுவது மரியாதை இல்லை என்றார் தலைவர். நாளை உறுதிப்படுத்த நான் தொலைபேசியில் பேசியபோது தகப்பன் ஒளிக்காமல் சொன்னார்.

"தங்கச்சி, இந்த வருசம் மட்டும்தான். எடுபட்டாச் சரி, அவளின்ரை பாடு. எடுபடாட்டி யூனிவேர்சிட்டியில ஃபார்மசி. பிறகு பந்து எண்ட கதை இந்த வீட்டில இல்லை. அவளும் ஓம் எண்டிட்டாள்."

அப்படி ஓமென்று சொன்ன பிள்ளை சொல்லைக் காப்பாற்றுவாள் என்று எனக்குத் தெரியும். நாங்களும் எடுக்காவிட்டால் அந்த ஓட்டம் அதோடு சரி. ஏதோ ஒரு மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுக்குள் நின்றுவிடும்.

ஸ்பிரிங்வேல் சந்தையைத் தாண்டி, செங்கல் வீடுகள் நிற்கிற ஒரு சின்னத் தெருவுக்கு நானும் தலைவரும் போனோம். வாசலில் எங்களுக்கு முன்பே சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே போனதும் எனக்கு விளங்கிவிட்டது. முன்னறையில் கதிரைகள் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. மேசையில் ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், வடை, வெட்டி வைத்த கேக். தகப்பன் புதுச் சேர்ட் போட்டிருந்தார். படகில் வந்து, பல வருடம் தற்காலிக விசாவில் இருந்து, இப்போது ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். தாய் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், பட்டுச்சேலை கட்டியிருந்தார். ஆங்கிலம் பேசுவதற்கென்று அடுத்த தெருவிலிருந்து ஒரு அங்கிளையும் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். தலைவர் தடுமாறிப்போய் யாருக்காவது பிறந்தநாளா என்று என் காதில் கேட்டார்.

பிறந்தநாள் இல்லை, பெண் பார்க்கும் படலம். வீட்டுக்கு ஆட்கள் வந்து, பிள்ளையைப் பார்த்து, பிடித்தால் எடுப்பார்கள் என்று சொன்னால் எங்கள் சனத்துக்குத் தெரிந்த சடங்கு அது ஒன்றுதானே.

அங்கிள் அருமையாக நடத்தினார். பிள்ளை பியானோ படித்தது, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பரிசு எடுத்தது, குடும்பம் நல்ல குடும்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நன்றாகச் சமைப்பாள் என்றும் சொன்னார். தலைவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே மூன்றாவது ரோல்ஸை எடுத்தார். தாய் என் அறிமுக அட்டையை வாங்கி முகத்தோடு ஒட்டினாற்போல் பிடித்து வாசித்தார். அதை நான் கவனித்தேன், ஆனால் அந்த நேரம் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. பிறகு அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, பிள்ளை வந்தாள். சுரிதார், பின்னல், கையில் தேநீர்த் தட்டு. மைதானத்தில் இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு பந்தெடுக்கிறவள் தரையைப் பார்த்து நடந்துவந்த அழகைக் கண்டு எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

தலைவர் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். உடம்பில் பழைய காயம், நோவு, நாங்கள் அறிய வேண்டியது ஏதாவது உண்டா?

அங்கிள் வாயைத் திறக்குமுன் தாய் முந்திக்கொண்டார். "ஒண்டும் இல்லை. ஒரு குறையும் இல்லாத பிள்ளை."

அந்தக் குரலை நான் அறிவேன். கேள்வி முடியுமுன் வருகிற பதில் அது. எங்கள் வீட்டிலும் அது ஒலித்திருக்கிறது. என்னைப் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா அதே வேகத்தில் அதே சொற்களைத்தான் சொன்னார். அதற்குச் சற்று முன்புதான் என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிச் சமையலறை அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்திருந்தார். கண் தெரியாத பிள்ளை என்று வேண்டாமென்றுவிடுவார்களாம். நான் அன்று முழுவதும் மாப்பிள்ளை என்று நினைத்து மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. என் கணவர் பிறகு வந்தவர், என்னைக் கண்ணாடியோடு பார்த்துத்தான் கட்டினார்.

பிள்ளை எனக்குத் தேநீர் நீட்டக் குனிந்தபோது அவள் மூக்கைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் தடங்கள். அந்தத் தடம் என் மூக்கிலும் இருக்கிறது, எவ்வளவு பவுடர் போட்டாலும் போகாது. பரிசோதனை நாளில் பந்து பாதி வழி வரும்வரை அவள் ஏன் நின்றாள் என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பந்தே தெரியவில்லை.

சபையில் கேட்கிற விஷயம் அல்ல. வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு தாயின் பின்னால் குசினிக்குள் போனேன்.

"அக்கா, பிள்ளை கண்ணாடி போடுறவளோ?"

அவர் கை குழாயில் நின்றது. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மூக்கில தடம் கிடக்கு. பாருங்கோ, எனக்கும் கிடக்கு." நான் என் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன்.

அவர் கதவை மெல்லச் சாத்தினார். "தங்கச்சி, உங்களைக் கும்பிட்டன், அந்த வெள்ளைக்காரருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வேண்டாம் எண்டிடுவினம்."

"அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு விளையாடினதை நான் காணேல்லையே."

"விளையாடேக்கை லென்ஸ்தான் போடுறவள். அண்டைக்கு டொக்டர்மார் எல்லாம் பாப்பினம் எண்டு சொல்லிச்சினம். கிட்டப் பார்த்தா லென்ஸ் தெரியும்தானே. அவள் போடப்போறன் எண்டுதான் நிண்டவள். நான்தான் பெட்டியைப் பைக்குள்ளால எடுத்து வச்சிட்டன். ஓடுறதும் பாயிறதும்தானே, அதுக்குக் கண் என்னத்துக்கு எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வானத்திலிருந்து விழுகிற பந்தைப் பிடிக்கிற பிள்ளையின் கண்ணை ஒளித்துவைத்த தாயை உலகத்தில் வேறு எந்தச் சனத்தில் காணலாம்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் நிலைக்கவில்லை. அது என் அம்மாவின் முகம்தான். பிள்ளை எடுபட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பிள்ளையின் வழியில் தானே குறுக்கே நின்ற முகம்.

"அக்கா, எங்கடை அணியில எத்தினையோ பேர் லென்ஸ் போட்டுத்தான் விளையாடுறவை. கண்ணாடியை இஞ்சை ஒருத்தரும் ஒரு குறையா நினைக்கிறேல்லை."

அவர் குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். "அப்ப நான்தான் என்ரை பிள்ளையைக் கெடுத்துப்போட்டன்."

"இன்னும் ஒண்டும் கெடேல்லை. ஆனா நீங்களே வந்து சொல்லுங்கோ. நான் சொன்னா நீங்கள் ஒளிச்ச மாதிரி இருக்கும். நீங்கள் சொன்னா அதோடை முடிஞ்சுது."

 அவர் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அங்கிளைக் கையால் நிறுத்திவிட்டு, முதியோர் இல்லத்தில் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் தானே சொன்னார். மகள் சின்ன வகுப்பிலிருந்தே கண்ணாடி போடுகிறாள். அந்த நாளில் லென்ஸை ஒளித்தது நான். பிழை என்னுடையது, பிள்ளையுடையது அல்ல.  நான் அப்போதே சொன்னேன்தானே என்று பிள்ளை ஆங்கிலத்தில் வெடித்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடியவள் தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு திரும்பி வந்தாள். முதல்முறையாக எங்கள் முகங்களைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்து, நீங்கள் இவ்வளவு வயதானவர் என்று நான் நினைக்கவில்லை என்றாள். அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். லென்ஸோடு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்துக்கு வா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. கோச் நம்பிக்கை இல்லாமல்தான் வந்தாள். அவளே தூரத்தில் நின்று பந்தை உயர உயர அடித்தாள். பிள்ளை ஒவ்வொரு முறையும் பந்து காலை விட்டதும் கிளம்பினாள், காற்று பந்தை இழுத்துக்கொண்டுபோன பக்கத்துக்கும் போய்ப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் கோச் அவளைச் சோதிப்பதை மறந்துவிட்டு அவளோடு விளையாடத் தொடங்கிவிட்டாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு வெளியே ஒரு மனிதர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். அவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தால், எங்களுக்கு அடுத்த முறை வரும் கழகத்தின் தெரிவாளர். நாய் அவருடையதுதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்த நாயைக் கண்ட பிறகு எனக்கு நிம்மதி இல்லை. முதல் முறையில் நெட்டையை எடுப்பது தீர்மானம். இரண்டாவது முறையில் இவளை எடுத்துவிடுவோம், பொறுக்குகிறவளைக் கடைசியில் பார்ப்போம் என்று கூட்டத்தில் பிடிவாதம் பிடித்தேன். பயிற்சிக் குழுவில் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு, உன் சொந்தக்காரியா என்று கேட்டான். நீ உன் ஊர்ப் பிள்ளைகளை வருடா வருடம் சொல்லும்போது நான் உன் குடும்ப மரத்தைக் கேட்டேனா என்றேன். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் பல்லைக் காட்டவில்லை. ஆனாலும் தலைவர் அசையவில்லை. பரிசோதனை நாளில் மற்றவர்கள் எல்லாம் அவளைக் கைவிட்டுவிட்டார்கள், பொறுத்தால் மூவரும் கிடைப்பார்கள், அவசரப்பட்டால் இருவர்தான் என்றார். அவர் கணக்கில் பிழை சொல்ல முடியவில்லை. அந்த நாயை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

டிராஃப்ட் அன்று காலையில் தாய் எனக்கு அழைத்தார். த பேசின் என்ற புறநகரில் இருக்கிற பிள்ளையார் கோயில் வாசலில் நின்றார், மணிச்சத்தம் கேட்டது. "தங்கச்சி, உங்கடை பேரிலயும் அர்ச்சனை செய்தனான்," என்றார். என் நட்சத்திரம் தெரியாததால் பிள்ளையாருடைய பேரிலேயே செய்துவிட்டாராம்.

பின்னேரம் கழக அறையில் எல்லாரும் திரைக்கு முன்னால் இருந்தோம். முதல் முறையில் நெட்டை எங்களுக்கு வந்தாள். இரண்டாவதில் சின்ன உருவம். அதற்குப் பிறகு மற்றக் கழகங்களின் முறைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் நான் நகத்தைக் கடித்தேன். எங்கள் மூன்றாவது முறை வந்தது, அவள் பெயர் இன்னும் யாருடைய வாயிலும் வரவில்லை. தலைவர் எழுந்து ஒலிவாங்கியில் அவள் பெயரைச் சொன்னார். எங்கள் ஆட்களே அவசரத்தில் பாதியை விழுங்குகிற நீளமான பெயர் அது. அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். கிழமை முழுவதும் காரில் வானொலி போடாமல் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். நான் அழுதேன். வெட்கப்படவில்லை. அடுத்த முறை நாய்க்காரருடையது. நாங்கள் பெயரைச் சொன்னதும் அவர் தன் மேசையில் கையை விரித்ததைத் திரையில் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தையும் மறைக்க மாட்டேன்.

பருவம் தொடங்கி முதல் ஆட்டத்துக்கு அந்தக் குடும்பத்தோடு நானும் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். வழக்கமாக மேலே கண்ணாடி அறைக்குள் இருந்து பார்ப்பவள், அன்று அனுமதி கேட்டுக் கீழே வந்தேன். தகப்பன் கழகத்தின் தொப்பியைப் போட்டிருந்தார். அங்கிள் முன்வரிசைக்காரர்களுக்கு விதிமுறைகளைப் பிழை பிழையாக விளக்கிக்கொண்டிருந்தார். மைதானத்தில் எங்கள் மூன்று பிடிக்காரிகளும் கோலுக்கு முன்னால் தள்ளித் தள்ளி நின்றார்கள். வெறும் மேசையில் நான் வாயால் வரைந்த படம் புல்லில் நின்றது. பெருமையாக இருந்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

தாய் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஆட்டம் தொடங்கும் நேரம் கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கூட்டை எடுத்தார். அதற்குள் கண்ணாடி. புத்தம் புதியது, மெல்லிய தங்கநிறச் சட்டம். சுற்றி இருந்த சொந்தங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். என் அட்டையை முகத்தோடு ஒட்டி வாசித்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

தகப்பன் திரும்பிப் பார்த்தார். இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர். "உது எப்ப?"

"கண்ணாடி போன கிழமை வாங்கினது," என்றார் தாய், மைதானத்திலிருந்து பார்வையை எடுக்காமல். "கண் தெரியாதது கலியாணத்துக்கு முந்தியே."

 தகப்பன் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு கையை நீட்டி, மனைவியின் காதோரம் சிக்கியிருந்த மயிரைக் கண்ணாடிக் காலுக்குள்ளிருந்து எடுத்துவிட்டார்.

ஆட்டம் கொஞ்ச நேரம் இழுபறியாகவே போனது. நெட்டை எழும்பினாள், பந்து கையில் பட்டு நழுவியது, சின்னவள் பாய்ந்து பொறுக்கி நடுவுக்குத் திருப்பிவிட்டாள். அங்கே எங்கள் ஆட்டக்காரி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து உயரமாக அடித்தாள். எல்லாரும் அண்ணாந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் அதற்குள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாத புல்வெளியில் போய் நின்று, இறங்கிய பந்தை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் வாங்கினாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள். அங்கிள் விசிலடித்தார்.

தாய் எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, கண்டனீங்களோ? பந்து காலை விட்டு வெளிக்கிடேக்கையே இவள் ஓடத் தொடங்கிட்டாள்."

"ஓம் அக்கா," என்றேன். "கண்டனான்."